இருபதாயிரம் முடிச்சு

மதுரை வெயிலில் உட்கார்ந்து கம்பளிச் சட்டை பின்னினால் அதை யார் தலையில் கட்டுவது? அதனால்தானோ என்னவோ, பின்னல் ஊசிகளை நான் சினிமாவில்தான் முதலில் பார்த்தேன். ஆனால் பெண் குழந்தைகளின் கையில் நூலைக் கொடுத்து, அதன் வழியாகவே கணக்கும் பொறுமையும் கற்றுத் தந்த வீடுகள் எங்கள் ஊரிலும் இருந்தன. ஊசி கிடையாது. ஒரு வெள்ளைத் துணி, ஒரு நூற்கண்டு, நகம், அவ்வளவுதான். சுங்குடியைத்தான் சொல்கிறேன்.

திருமலை நாயக்கர் மஹாலுக்குப் பின்புறத்துச் சந்து ஒன்றில் என் பள்ளித் தோழியின் வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். சாயங்காலம் திண்ணையில் அவளுடைய பாட்டி முடிச்சுப் போட உட்கார்ந்தால் இரண்டு பேத்திகளும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். காகிதத்தில் வரைந்த மாதிரி எதுவும் அந்த வீட்டில் இல்லை. பாட்டி துணியை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து நகத்தால் அழுத்தி நீவுவார். பிரித்தால் மடிப்புக் கோடுகள் கட்டம் கட்டமாகத் தெரியும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் புள்ளி. மார்கழி மாதத்து வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைப்பது போலத்தான். இங்கே இழை இழுப்பதில்லை, புள்ளியோடு நின்றுவிடும். எந்த வரிசையை விடுவது, எங்கே புள்ளிகளை நெருக்குவது என்பதெல்லாம் பாட்டியின் மனக்கணக்கு.

புள்ளி இருக்கும் இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டும். நூலை அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போகலாம். நானும் ஒரு நாள் முயன்றேன். என் முடிச்சுகள் கடுகுக்குப் பக்கத்தில் வைத்த சுண்டைக்காய் மாதிரி இருந்தன. "அவசரப்படாதேடி, துணி எங்கேயும் ஓடிப்போகாது" என்றார் பாட்டி. ஒரு சேலைக்கு இருபதாயிரம் முடிச்சு வரைக்கும் போவதுண்டு. பத்துப் பதினைந்து நாள் வேலை. பிறகு சாயத்தில் தோய்த்துக் காயவைத்து, துணியை இரு பக்கமும் பிடித்து இழுப்பார்கள். முடிச்சுகள் பட்பட்டென்று தெறித்து அவிழும். நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாமல் வட்ட வட்டமாக வெள்ளை நிற்கும். அந்தச் சத்தம் கேட்கவே நான் அங்கே போவேன்.

இந்தக் கைவேலை எங்கிருந்து வந்தது என்று தேடினால் சரித்திரம் வெகுதூரம் இழுத்துக்கொண்டு போகிறது. இன்றைய மத்தியப் பிரதேசத்து மந்தசோரில், கி.பி. 473-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. குஜராத்தின் லாட நாட்டிலிருந்து குடிபெயர்ந்த பட்டு நெசவாளர்கள் சூரியனுக்குக் கோயில் கட்டிய கதையைச் சொல்வது அது. அவர்களே தங்கள் முன்னோர் என்று சௌராஷ்டிரர் சிலர் சொல்வார்கள். நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. அத்தனை நீளமான நூலைப் பிடித்துக்கொண்டு நடக்க எனக்குத் துணிவில்லை. கஜினி முகமதுவின் படையெடுப்புக்குப் பின் சோமநாதபுரத்துப் பக்கமிருந்து புறப்பட்டு, தேவகிரி, விஜயநகரம் என்று தங்கித் தங்கித் தெற்கே வந்தார்கள் என்பது அவர்களுடைய மரபுச் செய்தி. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் காலத்தில் அரண்மனையைச் சுற்றி அவர்கள் குடியிருப்புகள் வளர்ந்தன. பட்டுநூல்காரர் என்று ஊர் அவர்களை அழைத்தது.

சாயத்தின் கதை இன்னும் கொஞ்சம் தெளிவாகக் கிடைக்கிறது. முன்பெல்லாம் சிவப்புக்குச் சாயவேர்தான். 1868-ல் ஜெர்மானிய ரசாயனக்காரர்கள் இருவர் அலிசரின் என்னும் சிவப்பைச் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்தார்கள். சில வருஷங்களில் சாயவேர் தோண்டுகிறவன் பிழைப்புப் போயிற்று. 1914-ல் யுத்தம் வந்ததும் ஜெர்மன் சரக்கு நின்று சாயக்காரர் பிழைப்பும் ஆட்டம் கண்டது. இதையெல்லாம் அச்சில் படிக்க முடிகிறது. முடிச்சுப் போட்ட விரல்களைப் பற்றித்தான் ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. சாயம் கடைத்தெருவில் நடந்த வியாபாரம். முடிச்சு திண்ணையில் நடந்தது. திண்ணைக்கு யார் பேரேடு எழுதினார்கள்?

பேரேடு எழுதப்பட்ட ஊர் ஒன்றும் உண்டு. மதுரைக்குத் தெற்கே நூற்றைம்பது மைலில், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில், 1819-ல் வந்து சேர்ந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, தம் விடுதிப் பள்ளிச் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அங்கே மாதிரி உண்டு. மெத்தென்ற திண்டின் மேல் அதை விரித்து, ஊசிகளைக் குத்தி, கட்டைகளில் சுற்றிய நூலை அவற்றினூடே மாற்றி மாற்றிப் போட வேண்டும். அந்தச் சிறுமிகளில் அடிமைக் குடும்பத்துப் பெண்கள் இருந்தார்கள். லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை அவர்களே விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்தது 1855-ல்தான். சில பெண்கள் அதற்கு முன்பே நூலைக் கொண்டு தப்பித்துவிட்டார்கள். மால்ட்டின் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல்லை மணந்து, அதே லேஸை இடையன்குடிக்கும் கொண்டுபோனார்.

இதைப் படித்தபோது எனக்கு என் தோழியின் ஞாபகம்தான் வந்தது. அவள் முடிச்சுக் கூலியில்தான் நோட்டுப் புத்தகம் வாங்கினாள். பரீட்சைக்கு முந்தின இரவும் முடிச்சுப் போட்டுவிட்டு, விரல் நுனியில் நூல் அறுத்த கோடுகளோடு வந்து பேனா பிடிப்பாள். அதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன் என்று சொன்னால் இன்று வெட்கமாக இருக்கிறது. படித்தாள், பாங்கியில் வேலைக்குப் போனாள். அவள் மகளுக்கு முடிச்சுப் போடத் தெரியாது, கற்றுக்கொடுக்கவும் இல்லை. "கை வலி தெரிந்தவள் கற்றுக்கொடுப்பாளா?" என்று கேட்டாள்.

2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடையில் குவிந்திருப்பதில் பெரும்பாலானவை மெழுகு அச்சிலும் திரை அச்சிலும் புள்ளி வைத்தவை. கையால் முடிந்ததைக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒன்றிரண்டு எடுத்து வருகிறார். கலை அழிகிறதே என்று என்னைப் புலம்பச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தத் திண்ணையைப் பார்த்திருக்கிற என்னால் முழு மனதோடு புலம்ப முடியவில்லை. அந்தச் சேலையைத் தொட்டிருக்கிறதனால் சும்மா இருக்கவும் முடியவில்லை.

சென்ற பொங்கலுக்குத் தோழியின் வீட்டுக்குப் போயிருந்தேன். பீரோவிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். பாட்டி கடைசியாக முடிந்துகொண்டிருந்த துணி, முக்கால்வாசி முடிந்திருந்தது. மகள் ஆசையாக ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். பட்டென்று ஒரு முடிச்சு அவிழ்ந்தது. சாயம் தோய்க்காத துணி, உள்ளும் புறமும் ஒரே வெள்ளை. அந்த இடத்தில் சின்னச் சுருக்கம் மட்டும் நின்றது. தோழி அதைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்துவிட்டு, துணியைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தாள்.