பாக்குவெட்டிக்கு ஒரு மாளிகை

புனேயின் பாஜிராவ் சாலையை ஒட்டி, சுக்ரவார் பேட்டையின் நெருக்கமான தெருக்களுக்கு நடுவே ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகம் இருக்கிறது. கிரீடமும் சிங்காசனமும் பார்க்கலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் அங்கே பாக்குவெட்டிகளின் முன்னால் நின்றுவிடுவார்கள். குதிரையாக, பறவையாக, ஆணும் பெண்ணுமாக நிற்கும் ஜோடியாக என்று அத்தனை வடிவங்களில் பாக்குவெட்டிகள். இன்னொரு பக்கம் வஜ்ரிகள். குளிக்கும்போது குதிகால் தேய்க்கும் பித்தளைக் கருவி அது. அடிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். கையால் பிடிக்கும் மேல்பக்கத்தில் யானையோ பறவையோ நிற்கும். அப்புறம் மைக்கூடுகள், பூட்டுகள், எண்ணெய் விளக்குகள், வெற்றிலைப் பெட்டிகள், சேவை பிழியும் அச்சுகள், பெரிய பெரிய சமையல் பாத்திரங்கள், கதவுகள்.

இவற்றில் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஒரு காலத்தில் இவை எல்லாமே யாரோ ஒருவர் வீட்டு அடுப்பங்கரையிலும் குளியலறையிலும் திண்ணையிலும் தினமும் புழங்கியவை. தேய்ந்து போனால் தூக்கிப் போடவேண்டிய சாமான் என்றே எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், இவற்றுக்காக ஒரு மாளிகையே வேண்டும் என்று ஒரு மனிதர் நினைத்தார். அந்த நினைப்பு எப்படிப் பிறந்தது என்பதுதான் இந்தக் கதை.

அவர் பெயர் தினகர் கங்காதர் கேள்கர். 1896இல் பிறந்தவர். குடும்பத்துக்கு மூக்குக்கண்ணாடி வியாபாரம். அவரோ கவிஞர், ‘அக்ஞாதவாசி’ என்ற புனைபெயரில் மராத்தியில் கவிதை எழுதினார். 1920 வாக்கில் பழம்பொருள் சேர்க்கத் தொடங்கினார். அரசாங்கப் பணமோ பெரிய சமஸ்தானத்தின் ஆதரவோ பின்னால் இல்லை. வியாபாரத்தில் வந்த காசும் விடாத அலைச்சலும்தான் முதலீடு.

அந்தக் காலத்தின் புனேயை நினைத்துப் பார்க்கவேண்டும். பேஷ்வாக்களின் ஆட்சி 1818இல் முடிந்து நூறு ஆண்டுகள் கடந்திருந்தன. பேட்டைகளில் இருந்த பெரிய ‘வாடா’ வீடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தன. செதுக்கிய கதவு விறகாகப் போனது. பித்தளை உருக்குகிறவரிடம் எடைக்குப் போனது. கோயில் சிலைகளையும் போர்வாள்களையும் தேடி அலைந்த அறிஞர்களும் சேகரிப்பாளர்களும் அன்றே இருந்தார்கள். பாட்டி பாக்கு வெட்டிய கருவியைத் தேடியவர்கள் அரிது. கேள்கர் தேடினார். மகாராஷ்டிரத்தோடு நிற்காமல் குஜராத், ராஜஸ்தான், தெற்கே கேரளம் வரை பல பகுதிகளின் பொருள்கள் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

இந்த வேலையில் அவர் மனைவி கமலாபாயின் பங்கை விட்டுவிட்டுப் பேசமுடியாது. பொருள் வாங்கக் காசு போதாதபோது தன் நகைகளையே அவர் கொடுத்ததாகச் சொல்வார்கள். வீடு நிறையச் சாமான் வந்து குவியும்போது அவற்றைத் துடைத்து, இடம் ஒதுக்கி, அதற்கு நடுவிலேயே குடும்பம் நடத்துவது ஒருவரால் ஆகிற காரியம் இல்லை. பல பத்தாண்டுகள் அந்த வீடு இப்படித்தான் இருந்தது: மனிதர்கள் வாழும் வீடாகவும் பழம்பொருள்கள் வாழும் வீடாகவும்.

அவர்களுடைய ஒரே மகன் ராஜா சின்னஞ்சிறு வயதில் இறந்துபோனான். அந்தப் பிள்ளையின் பெயரைத்தான் கேள்கர் தன் சேகரிப்புக்கு வைத்தார். அருங்காட்சியகத்தின் பெயர்ப்பலகையில் முதலில் வருகிற ‘ராஜா’ எந்த அரசரும் இல்லை, அந்தக் குழந்தைதான். பிள்ளையை இழந்தவர்கள் பிள்ளை பெயரால் சத்திரம் கட்டுவார்கள், குளம் வெட்டுவார்கள். இந்தத் தம்பதி, காலம் கைவிட்ட பொருள்களுக்கெல்லாம் தங்கள் மகன் பெயரால் ஒரு வீடு கட்டினார்கள்.

1960 வாக்கில் சேகரிப்பு ஏறக்குறைய 15,000 பொருள்களை எட்டியிருந்தது. 1975இல் கேள்கர் அத்தனையையும் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை விற்றிருந்தால் பெரும் செல்வராகியிருக்கலாம். அவர் பொதுமக்களுக்குக் கொடுத்தார். 1990இல் காலமானார். இன்று அங்கே 20,000க்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. மூன்று மாடிக் கட்டடத்தில் ஒரே சமயத்தில் சுமார் 2,500 பொருள்களைத்தான் பார்வைக்கு வைக்கமுடிகிறது. கோத்ரூடில் இருந்த மஸ்தானி மகாலின் பகுதிகளையும் கொண்டுவந்து இங்கே மறுபடி அமைத்திருக்கிறார்கள். பேஷ்வா பாஜிராவின் துணைவி மஸ்தானி வாழ்ந்த மாளிகையும், பெயர் தெரியாத ஒரு பெண் குதிகால் தேய்த்த வஜ்ரியும் ஒரே கூரைக்குக் கீழே சம மரியாதையோடு இருக்கின்றன. கேள்கர் நமக்குச் சொல்லிவிட்டுப் போன பாடம் அந்தச் சம மரியாதைதான் என்று நான் நினைக்கிறேன்.

அவர் எண்ணம் எவ்வளவு சரியானது என்பதைப் பின்னால் வந்த ஆண்டுகள் காட்டின. வீட்டுச் சாமான்களுக்கு மிகப் பெரிய ஆபத்து சுதந்திரத்துக்குப் பிறகுதான் வந்தது. எவர்சில்வர் வந்தது, புளி போட்டுத் தேய்க்கவேண்டாம், களிம்பு ஏறாது, ஈயம் பூசவேண்டாம். கேஸ் அடுப்பு வந்தது. விறகடுப்பின் மூன்று குமிழ்களில் பாங்காக உட்கார்ந்த உருண்டை அடிப்பானை, கேஸ் அடுப்பில் ஆடியது. 1956இன் எடை அளவுச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் முறை வந்தது. படியும் ஆழாக்கும் கடையை விட்டு வெளியேறின. வேலைச் சுமையில் இருந்த பெண்களுக்கு எவர்சில்வர் உண்மையான விடுதலை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பழையதைக் கொடுத்தால்தான் புதியது என்று தெருவில் நடந்த பண்டமாற்றில், நான்கு தலைமுறை புழங்கிய பித்தளை, கிலோ கணக்கில் உருக்கு உலைக்குப் போனது.

அந்த இழப்பைக் கண்டு வேறு இடங்களிலும் மனிதர்கள் எழுந்தார்கள். அகமதாபாத்தில் சுரேந்திர படேல், தன் ‘விசாலா’ உணவகத்தின் வளாகத்திலேயே 1981இல் பாத்திரங்களுக்கென்று ‘வேச்சார்’ என்ற அருங்காட்சியகத்தைத் திறந்தார். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் டெபோரா தியாகராஜனின் முயற்சியால் 1996இல் தக்ஷிணசித்ரா திறக்கப்பட்டது. அங்கே செட்டிநாட்டு வீடும் கேரள வீடும் கர்நாடக வீடும் வீடாகவே நிற்கின்றன. கேள்கர் இவர்களுக்கெல்லாம் அறுபது ஆண்டுகள் முன்பே தனியாளாகத் தொடங்கியவர்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். தேஹு ரோடு, சந்த் துக்காராம் பிறந்த தேஹுவின் பெயரைத் தாங்கிய கண்டோன்மென்ட் ஊர். புனே–லோனாவளா லோக்கல் நின்று போகும். ராணுவத் தளவாடக் கிடங்கு வேலைகளை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அப்படி ரயிலேறி வந்தவர்கள் சோபாவும் பீரோவும் கொண்டுவரவில்லை. கையில் தூக்கமுடிந்ததைத்தான் கொண்டுவந்தார்கள்: வெண்கலப் பானை, ஈயச்சொம்பு, குத்துவிளக்கு, ஆழாக்கு, முறுக்கு அச்சு. அதனால் எங்கள் ஊர்ப் பரண்களில் இருப்பது சாதாரணப் பழஞ்சாமான் இல்லை. இந்தக் குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் வந்த வரலாற்றுக்கு எஞ்சியிருக்கும் சாட்சி.

பக்கத்து மராத்தி வீட்டிலும் இதே பொருள்கள்தான். நம் பாக்குவெட்டி அவர்களுக்கு அடகித்தா. நம் திரிகை அவர்களுக்கு ஜாதே. அம்மியும் குழவியும் பாட்டா-வர்வண்டா. நடுவில் கரி போட்டுச் சுற்றிலும் தண்ணீர் காயும் செம்பு பாய்லரை அவர்கள் பம்ப் என்பார்கள். அந்தப் பம்பைத் தட்டிச் செய்த கன்னார்கள் புனேயின் கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி என்ற தெருவில் இன்னும் செம்பு தட்டிக்கொண்டிருக்கிறார்கள். புதன், ஞாயிறு கூடும் ஜூனா பஜாருக்குப் போனால், கேள்கரின் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த வகைப் பொருள்கள் தரையில் விரித்த சாக்கின் மேல் கிடப்பதையும் பார்க்கலாம்.

கேள்கர் காப்பாற்றியவை கண்ணாடிக்குள் இருக்கின்றன; அவை அங்கேதான் இருக்கவேண்டும். நம் வீட்டில் இருப்பவற்றுக்கு அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: புழங்குவது. வெண்கலப் பானை செம்பும் வெள்ளீயமும் கலந்தது; அதில் பொங்கலும் சாதமும் தாராளமாக வைக்கலாம். பித்தளையிலும் செம்பிலும் புளி சேர்ந்ததை வெறுமனே வைத்தால் களிம்பு ஊறும். உள்ளே ஈயம் பூசியிருக்கவேண்டும். பாத்திரத்தைச் சுடவைத்து, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயக் குச்சியைத் தொட்டு, பஞ்சால் ஒரே வீச்சில் வழித்துவிட்டால் உள்பக்கம் வெள்ளியாக மின்னும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆகவே ஈயம் பூசிய பாத்திரத்தையும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பையும் வெறுமனே அடுப்பில் ஏற்றக்கூடாது. ரசத்தை ஊற்றிய பிறகுதான் தீ. சொம்பு சுத்த வெள்ளீயம்தானா என்பதும் முக்கியம். காரீயம் கலந்தது நஞ்சு. நிச்சயம் தெரியாத சொம்பில் சமைக்கவே வேண்டாம், அலமாரியில் வையுங்கள். ஆழாக்குக்கு இந்தக் கவலை ஏதும் இல்லை. அரிசி டப்பாவுக்குள் போட்டுவைத்தால் தினமும் கைக்கு வரும்.

புழங்கமுடியாதவற்றைப் பளபளப்பாக்கும் ஆசையில் அமிலம் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்மானமும் நசுங்கலும் அந்தப் பொருளின் வயது. கொடுத்தவர் பெயரை வெட்டியிருந்தால், சீர்வரிசைப் பாத்திரங்களில் அது பெரும்பாலும் இருக்கும், அந்த எழுத்தை எந்தக் காரணத்துக்கும் அழியவிடாதீர்கள். சட்டம் ஒன்றையும் தெரிந்துகொள்ளவேண்டும். 1972ஆம் ஆண்டின் தொன்மைப் பொருள்கள் சட்டப்படி, நூறு வயதுக்குக் குறையாத கலைப்பொருளும் கைவினைப் பொருளும் தொன்மைப் பொருளாகக் கருதப்படும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யமுடியாது. அமெரிக்காவில் இருக்கும் பேத்திக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதலில் வயதை விசாரிக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேலை இருக்கிறது. கேள்கர் பல ஊர்களுக்கு அலைந்து சேர்த்த பொருள்களில், செய்தவர் பெயரோ புழங்கியவர் பெயரோ தெரியாதவைதான் மிகுதி. அந்தக் குறை நம் வீட்டில் நேரவேண்டாம், ஏனென்றால் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். தேஹு ரோட்டில் பிறந்து மராத்தியும் இந்தியும் சரளமாகப் பேசும் பிள்ளைகளுக்கு உழக்கு எது, மரக்கால் எது என்று தெரியவில்லை. அது அவர்கள் குற்றமும் இல்லை. வீட்டில் மூத்தவரை உட்காரவைத்துக் கேளுங்கள்: இதன் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொடுத்தது, எதற்குப் புழங்கினார்கள். ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டு, பொருளுக்குள்ளேயே வையுங்கள். ஒரு கவிஞர் தன் மகன் பெயரால் ஒரு நகரத்துக்குச் செய்ததை, ஒவ்வொரு வீடும் தன் பாட்டி பெயரால் தனக்குச் செய்துகொள்ளமுடியும். இந்த வாரமே பரணில் இருந்து ஒன்றை இறக்குங்கள், எழுதுங்கள், முடிந்தால் அதில் சமையுங்கள்.