ஐந்து வெற்றிடங்கள்

1994ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்துக் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி, 11, 13 போன்ற இரட்டை முதன்மை எண்களின் நிகர்மாறுகளைக் கணினியிற் கூட்டிவந்தார். விடை பிழைத்தது. அவர் முதலில் ஐயுற்றது தமது வேலையையே. மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்த பின்னரே, குற்றம் கணினியின் மூளையாகிய பென்ரியம் சில்லில் உள்ளதெனத் துணிந்தார்.

வகுத்தலுக்கென அச்சில்லினுட் பொறித்த அட்டவணையில் ஐந்து இடங்கள் வெறுமையாயிருந்தன. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் நான்காம் தசமதானத்திலேயே வழு! உற்பத்தியாளராகிய இன்ரெல் நிறுவனத்தார் இதனை முன்னரே அறிந்தும் வெளியிட்டிலர். தேவையை நிறுவுவோருக்கே மாற்றுச் சில்லு என்றனர். கடைக்காரனும் சொல்லக் கூசும் பேச்சு. கண்டனம் மூளவே, டிசம்பர் 20இல் கேட்டோர்க்கெல்லாம் தர இசைந்தனர். செலவு 47 கோடியே 50 இலட்சம் டொலர்.

எண்சோடிகள் அனைத்தையும் சோதித்து முடிக்க எவராலும் இயலாது. ஆதலின், சுற்றமைப்பின் சரிமையைத் தேற்றம்போல் நிறுவிக்காட்டும் கருவிகளுக்கு அதன்பின் அங்கே மதிப்பு உயர்ந்தது.