ஆக்ஸ்போர்டில் ஒரு முண்டா மாணவர்

பல்கலைக் கழகத்தின் பெருமையைப் பேசுவோர் அறிஞர்களின் பெயர்களையே அடுக்குவர். மாணவர்களே, ஆக்ஸ்போர்டின் ஆடுகளத்தில் உருவான ஒருவரைப் பற்றி இன்று கூறுகிறேன். ராஞ்சியை அடுத்த தக்ரா என்னும் சிற்றூரில், முண்டா பழங்குடியில், 1903-இல் பிறந்த ஜெய்பால் சிங் அவர்.

செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பயின்ற அவர், ஹாக்கி ஆட்டத்திற்காகப் பல்கலைக் கழகத்தின் 'ப்ளூ' என்னும் சிறப்பைப் பெற்றார். ஐ.சி.எஸ். பதவிக்கும் தேர்வாகிப் பயிற்சியில் இருந்தார். அந்நாளில் இந்தியன் ஒருவனுக்கு அதனினும் உயர்ந்த பதவி ஏது? 1928-இல், ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கிக் குழுவுக்குத் தலைமை தாங்கும் அழைப்பு வந்தது. விடுமுறை மறுக்கப்பட்டது, அவரோ விளையாடச் சென்றார். ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் போட்டு, ஒன்றும் வாங்காமல் இந்தியா தங்கம் வென்றது. ஆனால் இறுதி ஆட்டத்தில் குழுத்தலைவர் ஆடவில்லை. குழுவுக்குள் எழுந்த பிணக்கே காரணம் என்பர். வெற்றியைப் பாடுவோர் இதனை விட்டுவிடுவர். எனக்கு விட மனமில்லை.

திரும்பி வந்தவரிடம், பயிற்சியை மேலும் ஓராண்டு தொடர வேண்டும் என்றனர். அவர் பதவியையே துறந்தார்.

1939-இல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, தம்மைக் காட்டுவாசி என்று சொல்லிக்கொள்வதில் பெருமையே என்றார். பழங்குடி மக்களுக்கு ஜனநாயகத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை என்றும் வாதிட்டார். அவர் கோரிய ஜார்க்கண்ட் மாநிலம் 2000-இல் அமைந்தது. அவர் 1970-இலேயே மறைந்துவிட்டார்.