கால் நனையாமல் கேட்கும் அலை

பட்டினப்பாக்கம் கடற்கரையில் காலை நடையில் வாய்த்த நண்பர் ஒருவர் உண்டு; அஞ்சல்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். அவருக்கு 'ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன்' என்று கண்டு, தொடையிலுள்ள சிரைவழியே கதீட்டரைச் செலுத்திச் சிகிச்சை செய்தார்கள். மருத்துவக் குறிப்பில் ஒரு வரியை அவர் என்னிடம் காட்டினார். கதீட்டரின் தொடு அழுத்தம் இத்தனை கிராம் என்றிருந்தது. "என்ன சார் இது, இதயத்தைத் தராசிலா வைத்தார்கள்?" என்றார். தமிழாசிரியனிடம் கேட்கவேண்டிய கேள்வியன்று. ஆயினும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, தொடுதல் என்ற ஒரு சொல்லைச் சுற்றியே ஒரு நூற்றாண்டு வரலாறு நடந்திருப்பது தெரிந்தது.

நம் சித்த மருத்துவம் தொடுதலில்தான் தொடங்குகிறது. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, வாதம், பித்தம், கபம் என்று பிரித்து, ஒரு விரலை அழுத்தி ஒன்றைத் தளர்த்தி நாடி பார்ப்பர். அழுத்தம் மாறினால் அறிவதும் மாறும் என்னும் நுட்பம் அதில் இருக்கிறது. அதற்காக, 'எல்லாம் சித்தர்கள் அன்றே அறிந்தவை' என்று கட்டுரையை முடித்துவிடுவோர் கூட்டத்தில் நான் இல்லை. நாடி ஒழுங்கற்றுத் துடிக்கிறது என்பதை விரல் சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது. இந்நோயில் சில துடிப்புகள் மணிக்கட்டை எட்டுவதேயில்லை. மார்பில் எண்ணினால் ஒன்று, கையில் எண்ணினால் அதைவிடக் குறைவு.

ஐரோப்பியரும் இதே இடத்தில்தான் தடுமாறினர். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் மெக்கென்சி, கழுத்துச் சிரையின் அசைவையும் மணிக்கட்டு நாடியையும் ஒருசேரப் பதிவு செய்தவர். ஒழுங்கற்ற நாடி உடையோரிடம் மேலறைக்குரிய அலை காணாமற்போவதைக் கண்டு, மேலறை செயலிழந்து கிடக்கிறது என்று கருதினார். உண்மை நேர்மாறானது. ஐந்தோவன் என்ற டச்சுக்காரர் உருவாக்கிய கம்பி மின்னோட்டமானியில், நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ச் சாடிகளில் அமிழ்த்தி அமர்ந்திருப்பார். அக்கருவியின் துணைகொண்டு 1909இல் லண்டனில் தாமஸ் லூயிஸ் உண்மையைக் காட்டினார். மேலறை செயலிழக்கவில்லை, நிமிடத்துக்கு 350க்கும் மேற்பட்ட முறை ஒழுங்கின்றி நடுங்குகிறது. வியன்னாவிலும் அதே ஆண்டில் இருவர் இதே முடிவுக்கு வந்தனர்.

அதுவரை எல்லாம் தோலுக்கு வெளியிலிருந்து கேட்டவை. உள்ளே சென்று தொட்டவர் வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே மருத்துவமனையில், மேலதிகாரியின் தடையை மீறி, தன் கைச்சிரையில் 65 செ.மீ. நீளக் குழாயைத் தானே செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். பரிசு, வேலைநீக்கம்! நோபல் வர 1956 ஆயிற்று.

இந்தக் குழாய் இந்தியாவில் வேரூன்றியதில் ஒரு தமிழ்ப்பெண்ணுக்குப் பங்குண்டு. பர்மாவில் பிறந்து, 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது குடும்பத்தோடு கோயம்புத்தூர் வந்து சேர்ந்த சி. பத்மாவதி, பின்னர் அமெரிக்காவில் இதயவியல் பயின்று, 1954இல் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் கதீட்டர் ஆய்வகம் அமைத்தார். கீல்வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கிய இளம் நோயாளிகளே அவருடைய பெருங்கவலையாக இருந்தனர். 103 வயதில், 2020இல், கொரோனாவுக்குப் பலியானார்.

1998இல் பிரான்சின் போர்தோ நகரிலிருந்து ஹைசாகேர் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 45 நோயாளிகளிடம் நடுக்கத்தைத் தூண்டும் பொறிகளைக் கதீட்டர் நுனியால் தேடியபோது, அவற்றுள் 94 விழுக்காடு, இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. மேலறை முழுதும் நடுங்குகிறது. மூட்டிவிடும் பொறியோ வாயிலில் இருக்கிறது. எனவே அச்சிரைகளின் வாயைச் சுற்றிச் சூட்டுக்கோடு போட்டு மின்தொடர்பைத் துண்டிப்பது சிகிச்சையாயிற்று.

இங்கேதான் கிராம் கணக்கு வருகிறது. கதீட்டர் நுனி திசுவைத் தொடுகிறதா என்பதை மருத்துவர் எப்படி அறிவார்? திரையில் மின்சமிக்ஞை தெரிகிறதே என்றால், அது போதாது. கடலோசை கேட்க எவரும் கால் நனைக்கவேண்டியதில்லை. எங்கள் ஃபோர்ஷோர் எஸ்டேட் மாடியில் நின்றாலே கேட்கும். அதுபோல, ரத்தத்தில் மிதக்கும் நுனியும் அருகிலுள்ள தசையின் சமிக்ஞையைப் பெற்றுவிடும். மிதக்கும் நுனியில் சூடேற்றினால் வெப்பத்தை ரத்தம் அடித்துக்கொண்டு போய்விடும். இன்னொரு ஏமாற்றும் உண்டு. அரைகுறையாகச் சுட்ட திசு வீங்கி, தற்காலிகமாக ஊமையாகும். சமிக்ஞை நின்றது, வெற்றி என்று நோயாளியை வீட்டுக்கு அனுப்புவார்கள். சில வாரங்களில் வீக்கம் வடியும். திசு மறுபடி பேசத் தொடங்கும். குணமாகிவிட்டதென்று நம்பியவர் மீண்டும் படபடப்போடு வந்து நிற்பார். ஓசை கேட்டால் தொடுவதாகவும், ஓசை நின்றால் இறந்ததாகவும் கொண்டதுதான் பிழை.

ஆகவே நுனியிலேயே அழுத்தத்தை அளக்கும் உணரியை வைத்தார்கள். ஒருவகையில் நுண்ணிய சுருள்வில், மற்றொன்றில் ஒளியிழைகள். 2012இல் வெளியான டொக்காட்டா ஆய்வில், சராசரி அழுத்தம் 10 கிராமுக்குக் கீழிருந்த அனைவருக்கும் நோய் திரும்பிற்று. 20 கிராமுக்கு மேலிருந்தவர்களில் ஐவருக்கு நால்வர் ஓராண்டுவரை தப்பினர். சிறிய ஆய்வுதான், ஆனால் வேறுபாடு பெரிது. தி.நகரில் நகை வாங்குவோருக்கு ஒரு பவுன் 8 கிராம் என்று தெரியும். ஒன்றேகால் பவுனுக்கும் இரண்டரைப் பவுனுக்கும் இடைப்பட்ட எடைதான் நலத்துக்கும் நோய்க்கும் இடையே நின்றிருக்கிறது. சரி, இன்னும் அழுத்தலாமே என்றால், மேலறைச் சுவர் சில மில்லிமீட்டர் கனமே, துளைபடும். பின்னால் உணவுக்குழாய் வேறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெப்பமின்றி மின்துடிப்பால் திசுவை அழிக்கும் புதிய முறை இப்போது பரவிவருகிறது. அதிலும் நுனி விலகினால் வடு ஆழமாவதில்லை.

இத்தனை நுட்பமும் எல்லோருக்கும் உதவுமா என்றால், இல்லை. 46 நாடுகளில், இந்நடுக்கத்தோடு அவசரப் பிரிவுக்கு வந்தோரைக் கணக்கெடுத்து 2014இல் வெளியிட்டார்கள். இந்தியர்களில் 31.5 விழுக்காட்டினருக்குக் கீல்வாதக் காய்ச்சல் தந்த இதயநோய் இருந்தது. வட அமெரிக்கரில் 2.2 மட்டுமே. பத்மாவதி அம்மையார் கவலைப்பட்ட அதே நோயாளிகள்! அவர்களுக்கு முதலில் பழுதான வால்வைக் கவனிக்கவேண்டும். மேலறையில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகாமல் மருந்து தரவேண்டும். அதிலும் பழைய வார்ஃபரின் வகை மருந்தே புதியதைவிட நன்று என்று 2022இல் இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. அம்மருந்து உண்போர் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்தாகவேண்டும். நாட்கூலிக்குப் போகிற பெண்ணுக்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒருநாள் கூலி.

நண்பருக்கு இதையெல்லாம் ஒரு காலையில் சொல்லி முடித்தேன். அவர் தம் குறிப்பை எடுத்துப் பார்த்து, "எனக்கு 18 போட்டிருக்கிறது" என்றார். பிறகு இடக்கை மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, கடலைப் பார்த்தபடி எண்ணத் தொடங்கினார்.