பந்தயச் சாலையும் அரசின் கணக்கும்: சிங்கப்பூரின் இரு மோட்டார் பந்தயக் காலங்கள்

ஆய்வுச் சுருக்கம்

சிங்கப்பூரில் 1961 முதல் 1973 வரை தாம்சன் சாலையிலும், 2008 முதல் மரினா பே பகுதியிலும் மோட்டார் பந்தயங்கள் நடைபெற்றுள்ளன. இரண்டையும் தொடங்கிவைத்தது சுற்றுலா வளர்ச்சி என்னும் ஒரே நோக்கம். ஆயினும் முன்னது நகரத்திற்குச் சுமையெனக் கைவிடப்பட்டது. பின்னது நகரத்தின் வருவாய் எனப் போற்றப்படுகிறது. இந்த மாற்றத்திற்குக் காரணம் பந்தயத்தின் இயல்பன்று, அதன் ஆதாயத்தை அரசு திரும்பப் பெறும் முறையே என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: சிங்கப்பூர், தாம்சன் சாலை, ஃபார்முலா ஒன், சுற்றுலா வருவாய், விடுதித் தீர்வை, நகரப் பொருளியல்

முன்னுரை

பெரும் விளையாட்டு நிகழ்வுகளால் ஒரு நகரம் பெறும் பொருளாதாரப் பயனை அளவிடுவதில் ஆய்வாளர்கள் எதிர்கொள்ளும் முதல் சிக்கல் எல்லை பற்றியது. செலவைச் செய்வது மாநில அரசு. வருவாயைப் பெறுவது நகரத்து விடுதிகள். இடையூற்றைத் தாங்குவது சில தெருக்களில் வாழ்வோர். மூன்றும் வேறுவேறு எல்லைகள். ஒன்றின் வரவை மற்றொன்றின் செலவோடு ஒப்பிடும்போது விடை தேவைக்கேற்ப வளைந்துகொடுக்கும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் நடைபெற்ற 2005ஆம் ஆண்டுப் பந்தயத்தை விக்டோரியா மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் 2007இல் வரவு செலவுப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தியபோது, அதுவரை பெரும் ஆதாயமாகச் சொல்லப்பட்டது சுமார் 67 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் நிகர இழப்பாக மாறியது. பந்தயம் அதேதான், கேட்கப்பட்ட கேள்விதான் வேறு.

சிங்கப்பூரில் நகரமும் நாடும் ஒன்றே. எனவே எல்லைச் சிக்கலின் ஒரு பகுதி அங்கு இயல்பாகவே நீங்கிவிடுகிறது. மேலும், ஒரே நகரம் ஒரு பந்தயத்தைத் தானே நிறுத்தி, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வேறொன்றைத் தானே வரவழைத்த வரலாறும் அங்கு உண்டு.

தாம்சன் சாலைக் காலம்

1961 செப்டம்பர் 16, 17 ஆகிய நாள்களில் தாம்சன் சாலையில் முதல் பந்தயம் நடந்தது. அவ்வாண்டு அரசு முன்னெடுத்த 'கிழக்கத்திய ஆண்டு' என்னும் சுற்றுலா இயக்கத்தின் ஓர் அங்கமாகவே அது திட்டமிடப்பட்டது. பந்தயத்தின் பெயரிலும் அந்தச் சொல்லே இடம்பெற்றது. சிங்கப்பூர் அப்போது தன்னாட்சி பெற்று ஈராண்டே ஆகியிருந்தது. வேலையின்மை கடுமையாக இருந்தது. பொருளியல் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டதும் அதே 1961இல்தான். தொழிற்சாலைகளுக்கு நிலம் திருத்திய அரசு, பயணிகளுக்கு ஒரு காட்சியையும் அமைக்க முனைந்தது எனலாம். 1964இல் சுற்றுலா வளர்ச்சிக்கெனத் தனிக் கழகமும் உருவானது.

பந்தயத்தடம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அப்பர் தாம்சன் சாலையும் பழைய அப்பர் தாம்சன் சாலையும் சேர்ந்த வளையம் அது. தனியாக எதுவும் கட்டப்படவில்லை என்பது பொருளியல் நோக்கில் முதன்மையானது. மக்கள் நாள்தோறும் சென்ற சாலையே சில நாள்களுக்குப் பந்தயத்தடமாயிற்று. ஓரங்களில் வடிகால்களும் மரங்களும் விளக்குக் கம்பங்களும் இருந்தன. ஆகவே முதலீடு மிகக் குறைவு. ஆனால் ஆபத்து மிகுதி. 1962 முதல் மலேசிய கிராண்ட் பிரி எனவும், விடுதலைக்குப் பின் 1966 முதல் சிங்கப்பூர் கிராண்ட் பிரி எனவும் அது வழங்கியது. அவ்வாண்டு வென்றவர் சிங்கப்பூரரான லீ ஹான் செங். 1969 முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து வென்றவர் நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ். உள்ளூர் ஆர்வலர் விழாவாகத் தொடங்கியது மெல்ல அயல்நாட்டு ஓட்டுநர்களின் களமானதை இவ்வெற்றிப் பட்டியல் காட்டுகிறது.

1973ஆம் ஆண்டுப் பந்தயமே கடைசி. போக்குவரத்து நெரிசல், சாலைகளை மூடுவதால் விளையும் இடையூறு, உயிரிழப்புகள் ஆகியவை நிறுத்தத்திற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. அவ்வாண்டு இறுதியில் மேற்காசியப் போரைத் தொடர்ந்து எழுந்த எண்ணெய் நெருக்கடி, அம்முடிவை மறுபரிசீலனை செய்யும் வாய்ப்பையும் குறைத்திருக்கும்.

இம்முடிவைப் பாதுகாப்பு பற்றியதாக மட்டும் காண்பது போதாது. 1961இல் மூடப்பட்ட சாலையும் 1973இல் மூடப்பட்ட சாலையும் பெயரளவில்தான் ஒன்று. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் சிங்கப்பூர் தொழில் நகரமாகிவிட்டது. புதிய குடியிருப்புகளுக்கும் வேலையிடங்களுக்கும் இடையே வாகனங்கள் பெருகின. சாலையின் ஒரு நாள் பயன்பாட்டுக்கு இருந்த மதிப்பு உயர்ந்துவிட்டது. பந்தயம் ஈட்டித்தந்த மதிப்பு அந்த வேகத்தில் உயரவில்லை. பொருளியலார் வாய்ப்புச் செலவு என்பது இதைத்தான். 1975 ஜூனில் நகர மையத்திற்குள் நுழையும் வாகனங்களுக்குக் கட்டணம் விதிக்கும் வட்டார உரிமத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சாலைக்கு விலை உண்டு என்று சட்டமாக்கிய அரசு, அதற்கு ஈராண்டு முன்பே சாலையை இலவசமாகப் பந்தயத்திற்கு விடுவதை நிறுத்தியிருந்தது. இரண்டையும் ஒரே சிந்தனையின் இரு வெளிப்பாடுகளாகக் கொள்வதில் தவறில்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. தாம்சன் சாலைப் பந்தயத்தால் விடுதியோ உணவகமோ கூடுதலாக ஈட்டியிருந்தால், அந்த ஈட்டம் அவற்றிடமே தங்கியது. அதிலிருந்து பந்தயச் செலவுக்கெனத் தனியே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. இடையூறு பொதுவாகவும் ஆதாயம் தனியாகவும் இருந்த நிகழ்வைக் காக்க, விளையாட்டு ஆர்வலர்களைத் தவிர வேறு எவருக்கும் காரணம் இல்லாமற் போயிற்று.

மீள்வருகை

2005இல் அரசு இரு முடிவுகளை அறிவித்தது. ஒன்று, சூதாட்டக்கூடம் உள்ளடங்கிய ஒருங்கிணைந்த உல்லாசத் தலங்களுக்கு அனுமதி. மற்றொன்று, 2015ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 1 கோடியே 70 இலட்சம் பயணிகளையும் 3,000 கோடி வெள்ளிச் சுற்றுலா வருவாயையும் எட்டும் இலக்கு. 2007 மே மாதத்தில் ஃபார்முலா ஒன் பந்தய உடன்பாடு அறிவிக்கப்பட்டதை இப்பின்னணியில் வைத்தே படிக்கவேண்டும்.

2008 செப்டம்பர் 28 அன்று மரினா பே சாலைகளில் முதல் பந்தயம் நடந்தது. ஃபார்முலா ஒன் வரலாற்றில் இரவில் நடந்த முதல் பந்தயமும் அதுவே. ஐரோப்பியத் தொலைக்காட்சி நேயர்களுக்கு அது பகல் நேரம். அவர்கள் திரையில் விளக்கொளியில் மின்னும் நகரின் வானுயர் கட்டடங்கள் தெரியும். பந்தயத்தடத்தின் அழகைவிட நகரத்தின் தோற்றமே விற்பனைப்பொருள் என்பதை இந்த நேரத் தேர்வே சொல்லிவிடுகிறது. அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்து இரண்டு வாரங்கள்கூட ஆகாத வேளை அது. நிறுவன விருந்தினர்களை நம்பிய ஒரு வணிகத்திற்கு அதைவிட மோசமான தொடக்கம் அமைந்திருக்க முடியாது.

அண்டை நாட்டு அனுபவம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மலேசியாவின் சிப்பாங் தடம் 1999 முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தை நடத்தியது. அது கோலாலம்பூரிலிருந்து விலகி, விமான நிலையத்திற்கு அருகே அமைந்தது. செலவு உயர, நுழைவுச்சீட்டு விற்பனை சரிய, உடன்பாடு முடிவதற்கு ஓராண்டு முன்பே, 2017உடன் மலேசிய அரசு அதைக் கைவிட்டது. நிரந்தரத் தடம் கட்டிய நாடு விலகியது. சாலைகளை வேலியிட்டு மூடிய நகரம் தொடர்ந்தது. நகர நடுவில் நடக்கும் பந்தயத்தின் பார்வையாளர் அங்கேயே தங்கி, உண்டு, செலவிடுகிறார். இடையூறும் அங்கேதான் மிகுதி என்பது அதன் மறுபக்கம்.

செலவும் தீர்வையும்

தொடக்க ஆண்டுகளில் ஒரு பந்தயத்தை நடத்தச் சுமார் 15 கோடி வெள்ளி செலவாயிற்று. அதில் 60 விழுக்காட்டை அரசு ஏற்றது. எஞ்சியதைத் தனியார் ஏற்பாட்டு நிறுவனம் ஏற்றது. 2017இல் உடன்பாடு நீட்டிக்கப்பட்டபோது செலவு சுமார் 13.5 கோடி வெள்ளியாகக் குறைந்தது. ஆகவே ஆண்டுதோறும் அரசின் பங்கு ஏறத்தாழ 8 முதல் 9 கோடி வெள்ளி எனக் கணக்கிடலாம்.

வரவுப் பக்கத்தில் அரசு முன்வைக்கும் எண் 'கூடுதல் சுற்றுலா வருவாய்'. 2022 ஜனவரியில் உடன்பாடு 2028 வரை நீட்டிக்கப்பட்டபோது, 2008 முதல் 5,50,000க்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் பந்தயத்திற்காக வந்ததாகவும், 150 கோடி வெள்ளிக்கு மேல் கூடுதல் வருவாய் கிட்டியதாகவும் அறிவிக்கப்பட்டது. கொள்ளைநோய் காரணமாக 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் பந்தயம் நடக்கவில்லை. எனவே இவை பன்னிரண்டு பந்தயங்களின் தொகை. சராசரியாக ஒரு பந்தயத்திற்கு 12.5 கோடி வெள்ளி; ஒரு பயணிக்கு ஏறத்தாழ 2,700 வெள்ளி.

அரசின் பங்கோடு மட்டும் ஒப்பிட்டால் 12.5 கோடி பெரியது. மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் சிறியது. இரண்டு ஒப்பீடுகளுமே முழுமையற்றவை. பயணி செலவிடும் தொகை வருவாயே தவிர ஆதாயமன்று. அவர் உண்ட உணவின் பொருள்களும் வாங்கிய கைக்கடிகாரமும் பெரும்பாலும் இறக்குமதியானவை. உள்நாட்டில் தங்குவது மதிப்புக்கூட்டல் மட்டுமே. மறுபுறம், பந்தயச் செலவும் முழுவதும் வெளியேறிவிடுவதில்லை. ஏற்பாட்டுப் பணிகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு சிங்கப்பூரில் இயங்கும் நிறுவனங்களுக்கே தரப்படுவதாக அரசுத் தரப்பு கூறிவந்துள்ளது. பார்வையாளர் மேடைகளும் வேலிகளும் விளக்குகளும் ஆண்டுதோறும் நிறுவப்பட்டுக் கழற்றப்படுவதால் அப்பணிகள் மீண்டும் மீண்டும் எழுகின்றன.

இவ்வெண்களைவிட வரலாற்று முக்கியத்துவம் உடையது செஸ் எனப்பட்ட சிறப்புத் தீர்வை. 2008இல் பந்தய நாள்களின் அறை வருவாயில் தடத்தையொட்டிய விடுதிகள் 30 விழுக்காட்டையும் ஏனைய விடுதிகள் 20 விழுக்காட்டையும் அரசுக்குச் செலுத்தவேண்டுமென விதிக்கப்பட்டது. விகிதங்கள் பின்னர் குறைக்கப்பட்டன, கொள்கை மாறவில்லை. பந்தய வாரத்தில் விடுதி அறையின் வாடகை பன்மடங்கு உயர்வது விடுதியின் உழைப்பால் அன்று. அதே அறை, அதே பணியாளர். சாளரத்துக்கு வெளியே பந்தயம் நடப்பதே உயர்வுக்குக் காரணம். பொதுச்செலவால் உருவான அந்த மிகைவருவாயின் ஒரு பகுதியைப் பொதுநிதிக்கே மீட்பதுதான் தீர்வையின் தருக்கம். தாம்சன் சாலைக் காலத்தில் இல்லாதிருந்த கண்ணி இதுவே. நிகழ்வைத் தொடர்வதற்கு அரசின் நிதித்துறைக்கே ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

கணக்கில் வராதவை

தீர்வை ஆதாயம் பெற்றவரிடமிருந்து எடுத்தது. இழந்தவருக்குக் கொடுக்கும் அதற்கிணையான ஏற்பாடு உருவாகவில்லை. 2008இல் தடத்தின் வளையத்துக்குள் சிக்கிய கடைத்தொகுதிகளில் வணிகர்கள் விற்பனை சரிந்ததாக முறையிட்டனர். வேலிகளும் சாலை மூடல்களும் வழக்கமான வாடிக்கையாளரை விலக்கிவிட்டன. பந்தயம் காண வந்தவர் நுழைவுச்சீட்டு எல்லையைவிட்டு வெளியே வந்து பொருள் வாங்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் மூடும் நேரமும் பரப்பும் குறைக்கப்பட்டன. முறையீட்டில் உண்மை இருந்ததை இத்திருத்தமே ஒப்புக்கொள்கிறது. வாடகை உயர்வைக் கண்டு அவ்வாரப் பயணத்தைத் தள்ளிப்போட்ட பிற சுற்றுலாப் பயணியும் இதே வகையைச் சேர்ந்தவர். வந்தவரை எண்ணலாம், வராமற்போனவரை எண்ணுவது கடினம்.

காரணம் கற்பிப்பதிலும் சிக்கல் உண்டு. பாடாங் திடலில் உலகப் புகழ்பெற்ற பாடகர்களின் நிகழ்ச்சிகள் பந்தயத்தோடு இணைக்கப்பட்டன. அதே வாரத்தில் வணிக மாநாடுகளும் கூடுகின்றன. மாநாட்டிற்கு வந்து பந்தயமும் பார்த்தவரை எந்தப் பத்தியில் சேர்ப்பது? அவரைப் பந்தயத்தின் கணக்கில் சேர்த்தால் எண் வளரும். அதே வேளையில், பந்தயம் இல்லையெனில் மாநாடு அந்த வாரத்தில் அந்த நகரில் கூடியிராது என்று வாதிடவும் இடமுண்டு.

நுழைவுச்சீட்டின் மதிப்பு எதிர்பாராத வேறொரு தளத்திலும் வெளிப்பட்டது. போக்குவரத்து அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரன், அலுவல்முறைத் தொடர்புடையோரிடமிருந்து மதிப்புமிக்க பொருள்களைப் பெற்ற குற்றச்சாட்டுகளையும் நீதிக்கு இடையூறு விளைவித்த குற்றச்சாட்டையும் 2024 செப்டம்பரில் ஒப்புக்கொண்டு, அக்டோபரில் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். வழக்கில் பேசப்பட்ட பொருள்களில் ஃபார்முலா ஒன் நுழைவுச்சீட்டுகளும் இருந்தன. நுழைவுச்சீட்டு விற்பனைப்பொருளாக மட்டுமன்றி, அதிகாரத்திற்கும் வணிகத்திற்கும் இடையே கைமாறும் மதிப்பாகவும் இயங்கியதை இவ்வழக்கு ஆவணப்படுத்துகிறது. சுற்றுலா வருவாய் அட்டவணையில் இதற்குப் பத்தி இல்லை.

1973இல் பந்தயம் நிறுத்தப்பட்டபோது முன்வைக்கப்பட்ட காரணங்கள் அனைத்தும் செலவுப் பக்கத்தைச் சேர்ந்தவை: நெரிசல், இடையூறு, இறப்பு. 2022இல் அது நீட்டிக்கப்பட்டபோது முன்னிறுத்தப்பட்ட எண்கள் வரவுப் பக்கத்தைச் சேர்ந்தவை. இரு காலங்களுக்கும் பொதுவான ஓர் அளவுகோலை அரசு ஆவணங்களிலிருந்து மட்டும் அமைக்க இயலாது. கடைக்காரர், வாடகைவண்டி ஓட்டுநர், மேடைகளை நிறுவும் தொழிலாளர் ஆகியோரின் பக்கம் நாளிதழ்ச் செய்திகளிலும் வாசகர் கடிதங்களிலும் தேடப்படவேண்டியது. 1935 முதல் வெளிவரும் தமிழ் முரசு இரு பந்தயக் காலங்களையும் கண்ட நாளிதழ். தாம்சன் சாலை ஆண்டுகளுக்கான அதன் இதழ்களைச் சாலை மூடல் நாள்களோடு ஒப்பிட்டுப் படிப்பது இவ்வாய்வின் அடுத்த கட்டமாக அமையும்.