அவுருக்குன் உள்ளூராட்சி மன்றம்

அவுருக்குன் உள்ளூராட்சி மன்றம் என்பது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கேப் யார்க் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அமைந்துள்ள அவுருக்குன் என்னும் பழங்குடி ஊரையும் அதனைச் சூழ்ந்த சுமார் 7,400 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பையும் நிர்வகிக்கும் அமைப்பாகும். இது 1978ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. இங்கு வாழ்வோரில் பெரும்பாலானோர் விக் மக்கள் ஆவர். விக்-முங்கன் மொழி இன்றும் ஊரின் அன்றாடப் பேச்சுமொழியாக உள்ளது.

பின்னணி

1904ஆம் ஆண்டு பிரெசுபிட்டேரியன் திருச்சபை இங்கு ஒரு மறைப்பணித் தளத்தை நிறுவியது. சுற்றியுள்ள நாட்டில் சிதறி வாழ்ந்த குலங்கள் படிப்படியாக இவ்விடத்தில் குடியேறின. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊரின் நிர்வாகம் திருச்சபையின் கையிலேயே இருந்தது.

இப்பகுதியின் மண்ணில் பாக்சைட்டு கனிமம் மிகுதியாக உள்ளது. 1975இல் குயின்ஸ்லாந்து அரசு, ஊர் மக்களின் ஒப்புதல் பெறாமலே, சுரங்க நிறுவனங்களுடன் ஓர் ஒப்பந்தத்தைச் சட்டமாக்கியது. இலாபத்தில் பழங்குடியினருக்கு உரிய பங்கு, அவுருக்குன் மக்களுக்கு அன்றி, பழங்குடியினர் விவகாரத் துறை இயக்குநரிடம் சேருமாறு அதில் வகுக்கப்பட்டிருந்தது. இதனை எதிர்த்து ஊரார் தொடுத்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஆயினும் 1978இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது.

மன்றத்தின் தோற்றம்

அத்தீர்ப்பு வந்த சில வாரங்களில், 1978 மார்ச் மாதம், அவுருக்குன், மார்னிங்டன் தீவு ஆகிய இரண்டின் நிர்வாகத்தையும் திருச்சபையிடமிருந்து தானே எடுத்துக்கொள்வதாக மாநில அரசு அறிவித்தது. ஊரார் இதனை ஏற்கவில்லை. அவர்கள் நடுவண் அரசின் உதவியை நாடினர். பிரதமர் மால்கம் பிரேசரின் அரசு, மாநிலத்தின் ஒதுக்கீட்டு நிலங்களில் வாழும் பழங்குடியினர் தம்மைத் தாமே ஆள வழிசெய்யும் சட்டமொன்றை ஏப்ரலில் நிறைவேற்றியது. மாநில அரசோ அவ்விரு இடங்களின் ஒதுக்கீட்டு நிலம் என்ற தகுதியையே நீக்கி, அச்சட்டத்தைப் பயனற்றதாக்கியது.

முடிவில் இரு அரசுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்படி இரண்டு ஊர்களும் மாநில உள்ளூராட்சிச் சட்டத்தின் கீழ் வரும் மன்றங்களாயின. நிலம் 50 ஆண்டுக் குத்தகையாக மன்றத்திற்கு வழங்கப்பட்டது. குத்தகை மன்றத்தின் பெயரில் இருந்ததேயன்றி, நிலத்தின் மரபுவழி உரிமையாளரான குலங்களின் பெயரில் இல்லை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. மாநிலச் சட்டத்தால் பிறந்த மன்றத்தை மாநிலமே கலைக்கவும் இயலும். அதே ஆண்டு ஆகஸ்டில் அவ்வாறே இரண்டு மன்றங்களும் கலைக்கப்பட்டு, நிர்வாகி நியமிக்கப்பட்டார். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் பின்னரே மீண்டன. குயின்ஸ்லாந்தின் பிற பழங்குடி ஊர்களின் மன்றங்கள் இதனையொத்த தகுதியை அடைந்தது 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே ஆகும்.

செயற்பாடு

மேயர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் மன்றத்தில் உள்ளனர். குடிநீர், கழிவகற்றல், சாலைகள், விமான ஓடுதளம் முதலியன இதன் பொறுப்பு. மழைக்காலத்தில் சாலைகள் துண்டிக்கப்படுவதால் ஓடுதளமே ஊரின் உயிர்நாடி எனலாம். மன்றம் பெரிதும் அரசு மானியங்களையே சார்ந்துள்ளது.

விக் மரபில் ஒருவர் தம் குலத்தின் நாட்டைப் பற்றியே பேச உரிமை உடையவர். பிறர் நாட்டைப் பற்றி முடிவு செய்வது முறையாகாது. ஊர் முழுமைக்கும் பெரும்பான்மை வாக்கால் முடிவெடுக்கும் மன்றம் இவ்வழக்கத்துடன் எளிதில் பொருந்துவதில்லை.

2008 சூலையில் மாநிலச் சட்டத்தின்படி குடும்பப் பொறுப்பு ஆணையம் அவுருக்குன் உட்பட நான்கு ஊர்களில் பணி தொடங்கியது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதோர் முதலானவர்களை அழைத்து விசாரித்து, அவர்களது அரசு உதவித்தொகையின் ஒரு பகுதியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இதற்கு உண்டு. உள்ளூர் முதியோர் இதில் ஆணையராக அமர்கின்றனர். எனினும் இது மன்றத்திற்குக் கட்டுப்பட்டதன்று.

நில உரிமை

1996 டிசம்பர் 23 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வழங்கிய விக் தீர்ப்பு, மேய்ச்சல் குத்தகை நிலங்களிலும் பூர்வீக உரிமை நிலைத்திருக்கக்கூடும் என்றது. இதன் தொடர்ச்சியாக 2000, 2004 ஆகிய ஆண்டுகளில் விக் மக்களின் பூர்வீக உரிமை பரந்த பகுதிகளில் ஏற்கப்பட்டது. எனவே இன்று நிலம் தொடர்பான திட்டங்களை முன்வைப்போர் மன்றத்துடன் மட்டுமன்றி, மரபுவழி உரிமையாளர்களின் நிறுவனத்துடனும் பேச வேண்டியுள்ளது.