கொம்பனைத் தேடி ஒரு கேமரா!

ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கங்கைகொண்ட சோழபுரம் வந்துவிடும். முதலாம் ராஜேந்திர சோழன் கட்டிய கோயில். வடக்குப் பக்கம் படி ஏறும் இடத்தில் சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பத்தைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. சிவபெருமான் உட்கார்ந்தபடி, தன் காலடியில் பணிந்திருக்கும் சண்டேசரின் தலையில் மாலையைச் சுற்றிவிடுகிற காட்சி. 'அது சண்டேசர் இல்லீங்க, ராஜேந்திரனேதான்' என்று சொல்கிறவர்களும் உண்டு.

எல்லோரும் மாலையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கொஞ்சம் மேலே, சிவனின் பின்கைகளைப் பாருங்கள். ஒன்றில் மழு. இன்னொன்றில் மான். கிட்டத்தட்ட ஆயிரம் வருடமாக அந்தக் கல் மான் அங்கேயே நிற்கிறது. தேட வேண்டிய அவசியமே இல்லை!

உயிருள்ள மான் கதை வேறு. பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் காடுகளில் புள்ளிமான்கள் இருக்கின்றன. ஆனால், நமக்கு அவை எப்போது தெரியவரும்? கோடையில், செய்தித்தாளின் மூலையில்! 'தண்ணீர் தேடி வந்த மான் கிணற்றில் விழுந்தது', 'வாகனம் மோதி மான் பலி', 'நாய்கள் துரத்திய மான் மீட்பு'. அதாவது, மான் எங்கே இருந்தது என்பது அது சாகும்போதுதான் ஊருக்குத் தெரிகிறது. எந்த வழியாக வந்தது, எத்தனை நாளாக வந்துகொண்டிருந்தது, கூட எத்தனை பேர்... ஊஹூம்!

மானைத் தொந்தரவு செய்யாமல், அது உயிரோடு இருக்கும்போதே இதையெல்லாம் தெரிந்துகொள்ள முடியுமா? முடியும். அந்த வழியைக் கண்டுபிடித்தவர் ஒரு வேட்டைக்காரர்! கதை அமெரிக்காவில், நூற்று முப்பது வருடங்களுக்கு முன் ஆரம்பிக்கிறது.

ஜார்ஜ் ஷைரஸ் என்று ஒரு வக்கீல். மிச்சிகன் மாகாணத்து ஏரிக்கரைக் காடுகளில் சிறு வயதிலிருந்தே மான் வேட்டையாடியவர். அங்கே ஒஜிப்வே பழங்குடியினரின் ஒரு வேட்டை முறை இருந்தது. ராத்திரி படகில், முன்பக்கம் நெருப்பு மூட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் கரையோரம் போவார்கள். தண்ணீர் குடிக்க வந்த மான் வெளிச்சத்தைப் பார்த்துத் திகைத்து அப்படியே நிற்கும். இருட்டில் இரண்டு கண்கள் மட்டும் பளபளக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குண்டு. கதை முடிந்தது!

ஷைரஸ் அதே படகு, அதே வெளிச்சத்தை எடுத்துக்கொண்டார். துப்பாக்கியை மட்டும் வைத்துவிட்டு, அந்த இடத்தில் கேமராவைப் பொருத்தினார். பிறகு இன்னொரு யோசனை வந்தது. 'நான் எதற்கு ராத்திரியெல்லாம் கண்விழிக்க வேண்டும்? மானே தன்னைப் படம் எடுத்துக்கொள்ளட்டுமே!' மிருகம் நடமாடும் தடத்தின் குறுக்கே ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை கேமராவில். கால் பட்டு இழுத்தால் மக்னீசியப் பொடி 'குபீர்' என்று எரியும், படம் பதிவாகும். இன்றைக்கு உலகம் முழுக்கக் காடுகளில் கட்டப்படும் தானியங்கி கேமராவின் கொள்ளுத் தாத்தா இதுதான்.

1906 ஜூலையில் நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகை ஷைரஸ் எடுத்த 74 படங்களை ஒரே இதழில் போட்டது. உடனே பாராட்டு மழை என்று நினைத்தால் தப்பு. 'நம்ம பத்திரிகையைப் படப் புத்தகமாக்கிட்டாங்க' என்று சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு ராஜினாமாவே செய்துவிட்டார்கள்! அதே பத்திரிகை பின்னால் எதற்காக உலகப் புகழ் பெற்றது என்பது உங்களுக்கே தெரியும்.

அந்தக் காலத்தில் ஷைரஸ் செய்தது எவ்வளவு விசித்திரம் என்பதைப் புரிந்துகொள்ள, மற்ற வேட்டைக்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். லண்டனில் ரோலண்ட் வார்டு என்கிற மிருகம் பாடம் செய்யும் நிபுணர், 1892-ல் ஒரு புத்தகம் போட்டார். உள்ளே என்ன? யார் சுட்ட மிருகத்தின் கொம்பு எத்தனை அங்குலம் என்கிற பட்டியல்! அதில் இடம் பிடிக்க துரைமார்களுக்குள் போட்டா போட்டி. விளைவு? பெரிய கொம்புள்ள, வயதில் மூத்த ஆண் மிருகங்கள்தான் எங்கும் முதல் குறி. 'எந்தக் கொம்பனாலும் என்னை அசைக்க முடியாது' என்று நாம் வீரம் பேசுகிறோமே... காட்டில் கொம்பனாக இருப்பதுதான் ஆபத்து!

நம்ம நீலகிரியிலும் அதே துப்பாக்கிச் சத்தம்தான். சுட்டவர்களே ஒரு கட்டத்தில் பயந்துபோனார்கள்... மிருகங்களுக்காக அல்ல, நாளைக்குச் சுட ஒன்றும் மிஞ்சாதே என்று! 1877-ல் நீலகிரியில் வேட்டை மிருகங்களுக்காகச் சங்கம் அமைத்தார்கள். 1879-ல் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் கட்டுப்பாடு விதித்து, நீலகிரிக்கென்றே தனிச் சட்டம் வந்தது.

ஷைரஸின் கயிறு இந்தியாவுக்கு எப்போது வந்தது? 1920-களில். இமயமலை அடிவாரத்து ஐக்கிய மாகாணத்தில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்று ஒரு வெள்ளைக்கார வன அதிகாரி. மற்ற அதிகாரிகள் வரிசையாகப் புலித்தோல் மாட்டிக்கொண்டிருக்க, இந்த மனிதருக்குச் சுடுவதில் விருப்பமில்லை. யானை மேல் உட்கார்ந்தும், தடத்தில் கம்பி கட்டியும் படம் எடுத்தார். புலி நடந்து வரும், கம்பியில் கால் படும், வெளிச்சம் வெடிக்கும், புலி பாயும். 1925 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்று அவருடைய புலிப் படத்தை முதல் பக்கத்தில் போட்டது. 1927-ல் அவர் அனுபவங்கள் புத்தகமாக வந்தன. ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் பெயர் வாங்கிய ஜிம் கார்பெட்டையே கேமரா பக்கம் திருப்பியவர்களில் சாம்பியனும் ஒருவர்.

படங்களை அருகருகே வைத்துப் பார்த்த சாம்பியன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இல்லை! நம் கைரேகை மாதிரி. அதாவது, படத்தை வைத்தே 'இவர் அவர்தான்' என்று அடையாளம் சொல்லலாம்.

இந்த உண்மையை எண்ணிக்கைக் கணக்காக மாற்ற எழுபது வருடம் பிடித்தது. 1990-களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் கரந்த் அதைச் செய்தார். கயிறு போய், உடம்புச் சூட்டையும் அசைவையும் உணர்ந்து தானே படமெடுக்கும் கருவிகள் வந்துவிட்ட நேரம். கணக்கு ரொம்ப எளிது. ராஜேந்திரன் வெட்டிய பொன்னேரியில் 100 மீன் பிடித்து, வாலில் குறி போட்டு விட்டுவிடுகிறீர்கள் என்று வையுங்கள். மறுபடி வலை வீசி 50 மீன் பிடிக்கிறீர்கள். அதில் 5 மீனுக்குக் குறி இருக்கிறது. பத்தில் ஒன்று. அப்படியானால் ஏரியில் சுமார் 1,000 மீன். புலிக்கு நாம் குறி போட வேண்டாம். கடவுளே போட்டு அனுப்பியிருக்கிறார்!

அதுவரை இந்தியாவில் புலியைக் காலடித் தடம் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த முறையின் லட்சணம் 2005-ல் வெளியே வந்தது. ராஜஸ்தானின் சரிஸ்கா சரணாலயத்தில் புலிகள் இருப்பதாகக் காகிதம் சொன்னது. போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை! அதன்பிறகுதான் நாடு முழுக்கக் கேமரா. 2018-19 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். கிடைத்த படங்கள் சுமார் 3 கோடியே 48 லட்சம். கின்னஸ் சாதனை! அதில் புலி எத்தனை தெரியுமா? வெறும் 76,651 படங்கள். சிறுத்தை 51,777.

சரி, புலிக்கு வரி இருக்கிறது. மானுக்கு?

இங்கேதான் சிக்கல். புள்ளிமான் கிடாவின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து, மறுபடி முளைக்கும். முளைக்கும்போது வெல்வெட் மாதிரி தோல் மூடியிருக்கும். முற்றியதும் தோல் உரிந்துவிடும். போன வருடப் படத்தை வைத்துக்கொண்டு இந்த வருடம் 'அதே கொம்பன்தானா' என்று கொம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. உடம்புப் புள்ளிகளையும், காதுக் கிழிசலையும், பழைய காயத்தையும் பார்க்க வேண்டும். கோடியக்கரையில் இருக்கும் வெளிமான் இந்த விஷயத்தில் பரவாயில்லை. முறுக்குக் கொம்பு விழாது. வயது ஏறினால் முறுக்கும் ஏறும். இளம் கிடா பழுப்பு. முதிர்ந்தால் முதுகு கறுத்துவிடும். கறுப்புச் சட்டைக்காரர்தான் பெரியவர்!

எங்கே கேமரா கட்டுவது என்பதை மானே சொல்லிக்கொடுக்கும். புள்ளிமான் கிடா பின்னங்காலில் எழும்பி நின்று, தலைக்கு மேலே தாழ்ந்த கிளையில் முகத்தைத் தேய்த்துத் தன் வாசனையை விட்டுப்போகும். மரத்தண்டில் கொம்பை உரசியதில் பட்டை உரிந்திருக்கும். வெளிமான் கிடா ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டு 'இது என் எல்லை' என்று அறிவிக்கும். இவற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே போகிற ஒற்றையடித் தடம்தான் சரியான இடம். கேமராவை நம் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே உயரத்தில் கட்ட வேண்டும். சூரியன் நேரே விழக் கூடாது. முன்னால் ஆடுகிற புல்லைச் சீவிவிட வேண்டும். இல்லாவிட்டால், காற்று அடிக்க அடிக்கப் புல்லைத்தான் படம் எடுத்துக்கொண்டிருக்கும்! அப்புறம் முக்கியமான வேலை... அந்தப் பக்கமே போகாமல் இருப்பது. மனித வாடை தொடர்ந்து அடித்தால் மூத்த கிடா வழியை மாற்றிக்கொள்ளும்.

இவ்வளவும் படித்துவிட்டு, 'ஆஹா, அற்புதமான கருவி' என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

ஷைரஸின் அமெரிக்காவிலேயே கதை தலைகீழாகத் திரும்பியது. அங்கே மான் வேட்டை சட்டப்படி நடப்பது. அரசாங்கத்தின் பொதுக் காடுகளிலும் லைசென்ஸ் வாங்கி வேட்டையாடலாம். டிஜிட்டல் கேமரா மலிவானதும் வேட்டைக்காரர்கள் அதை வாங்கி மரத்துக்கு மரம் கட்டினார்கள். நாலு வயது தாண்டிய, பெரிய கொம்புள்ள கிடா எந்தத் தடத்தில், எத்தனை மணிக்கு வருகிறது? படம் செல்போனுக்கே வந்துவிடும். அப்புறம் துப்பாக்கியோடு போய் உட்கார வேண்டியதுதான்! வேட்டைக்காரர்களிலேயே பலர் 'இது நியாயமில்லை' என்றார்கள். வறண்ட மாகாணமான அரிசோனாவில் தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் கேமரா மயம். கடைசியில், வேட்டைக்காகக் கேமரா வைக்கக் கூடாது என்று 2021-ல் முடிவெடுத்து, 2022 ஜனவரி முதல் தடை கொண்டுவந்தார்கள். துப்பாக்கியின் இடத்தில் வந்து உட்கார்ந்த கேமரா, நூறு வருடத்தில் துப்பாக்கிக்கே வழிகாட்டி ஆகிவிட்டது!

நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டைக்கு இடம் கொடுப்பதில்லை. ஆனால், திருட்டு வேட்டைக்காரன் சட்டம் படித்துவிட்டா வருகிறான்? 'இந்தக் காட்டில், இந்த ஓடையில், இத்தனை மணிக்கு ஒரு பெரிய கொம்பன் வருகிறான்' என்று ஆர்வக்கோளாறில் ஊருக்கெல்லாம் படம் அனுப்புகிறவர், தெரியாமலே அவனுக்கு முகவரி எழுதிக் கொடுக்கிறார். படம் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் ஒரு சிறுத்தை தலைகாட்டியது. அடுத்த சில நாட்களில் நம்ம அரியலூர் மாவட்டத்துச் செந்துறையிலும் சிறுத்தை நடமாட்டம் என்று பரபரப்பு. வனத்துறை தானியங்கி கேமராக்களோடு வந்தது. ஊரே அதைப் பற்றிப் பேசியது. சிறுத்தைக்காக வந்த அதே கேமராவில் நாலைந்தை மானுக்காகவும் காட்டோரத்தில் கட்டினால் என்ன? எந்த மான் கூட்டம் எந்த இடத்தில் ரோட்டைக் கடக்கிறது என்று தெரிந்துவிடும். அங்கே வண்டிகள் மெதுவாகப் போக ஒரு வேகத்தடை போடலாம். எந்தக் கிணற்றுக்குச் சுவர் முதலில் வேண்டும், எந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அந்தப் படங்கள் வனத்துறையின் கைக்குள்ளேயே இருந்தால் போதும்.

அடுத்த முறை கங்கைகொண்ட சோழபுரம் போனால், அந்தச் சிற்பத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒரு கையில் வெட்டுகிற மழு, இன்னொரு கையில் துள்ளுகிற மான். சிவன் கையில் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஆயிரம் வருடம் தாக்குப்பிடித்துவிட்டன. நம் கைக்கு வந்திருக்கும் கேமரா எந்தப் பக்கம் சேரும் என்பது மட்டும் நம் பொறுப்பு!